இரைப்பை நாளம் வெடித்து இரத்தச் சத்தி வந்தால்: வீட்டு வாசலிலிருந்து பசை ஊசி வரை

ஈரல் நோயாளருக்கு வரும் இரத்தச் சத்தி எல்லாம் ஒரே மாதிரியானதல்ல. பெரும்பாலானோருக்கு வெடிப்பது உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள நாளம். அதை எண்டோஸ்கோபி (வாய்வழியே கமராக் குழல் விட்டுப் பார்ப்பது) வழியே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடலாம். சிலருக்கு வெடிப்பது இரைப்பைக்குள் இருக்கும் நாளம். அது வெடிப்பது குறைவு. வெடித்தால் கொட்டுவது மிக அதிகம். அது இரைப்பையின் மேற்பகுதியில் இருந்தால் வளையம் பெரும்பாலும் கைகொடுக்காது, நாளத்துக்குள் பசை ஏற்றி அடைக்க வேண்டும்.

ஒரு தடவை பசை ஏற்ற ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. நோயாளி பிழைப்பாரா என்பது பெரும்பாலும் அதற்கு முந்திய சில மணித்தியாலங்களில் தீர்மானமாகிவிடுகிறது. இலங்கையின் வன்னியில் அந்த மணித்தியாலங்கள் வீட்டிலும், சிறிய வைத்தியசாலையிலும், வீதியிலும் கழிகின்றன. அதனால்தான் எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே நடப்பவற்றையும் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம். நடுப்பகுதி வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் உரியது. தொடக்கத்தையும் முடிவையும் நோயாளியின் வீட்டார் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

நாளம் ஏன் வீங்குகிறது

குளத்தின் துருசில் மரக்குற்றி சிக்கினால் தண்ணீர் நிற்காது. மட்டம் ஏறும், கட்டில் எங்கே பலவீனமோ அங்கே வழி தேடும். குடலிலும் மண்ணீரலிலும் இருந்து வரும் குருதி முழுவதும் ஈரல் வாயில் நாளம் வழியே ஈரலுக்குள் போக வேண்டும். ஈரல் தழும்பேறிச் சுருங்கினால் வழி அடைபட்டு அமுக்கம் ஏறுகிறது. குருதி உணவுக்குழாய், இரைப்பைச் சுவர் நாளங்கள் வழியாகச் சுற்றிப்போகிறது. மெல்லிய சுவருள்ள அந்த நாளங்கள் விரல் பருமனுக்கும் வீங்கும்.

தழும்புக்குக் காரணம் பல வருடச் சாராயம், கசிப்பு என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். குடியே தொடாதவர்களுக்கும் நீரிழிவும் கொழுப்பு ஈரலும் சேர்ந்து இதே நிலையைக் கொண்டுவருகின்றன. "இவர் குடிக்கிறவர் இல்லையே" என்று இரைப்பைப் புண்ணென முடிவுகட்டி விடாதீர்கள்.

ஈரல் நன்றாக இருக்கும்போதே இது வரும் வழிகள் இரண்டையும் மறக்கக்கூடாது. முதலாவது, சதையி அழற்சிக்குப் பின் மண்ணீரல் நாளத்தில் குருதி உறைந்து அடைப்பது. அப்போது அமுக்கம் இடப்பக்கத்தில் மட்டும் ஏறி, இரைப்பையின் மேற்பகுதி நாளம் தனியாக வீங்கும். மண்ணீரலை எடுத்தாலோ அதற்குப் போகும் நாடியை அடைத்தாலோ இது பெரும்பாலும் முற்றாகத் தீர்ந்துவிடும். மற்றது, குழந்தைப் பருவத்தில் வாயில் நாளம் உறைந்து அடைபடுவது. மண்ணீரல் பெருத்து, ஈரல் ரெஸ்ற் எல்லாம் சரியாக இருந்து, இரத்தச் சத்தி எடுக்கும் பிள்ளையில் இதை நினைக்க வேண்டும்.

எந்த நாளம் என்பதே முதற் கேள்வி

டெல்லி வைத்தியர் ஷிவ் குமார் சரினும் குழுவினரும் 1992இல் தந்த வகைப்பாட்டையே இன்றும் பயன்படுத்துகிறோம். உணவுக்குழாய் நாளம் இரைப்பையின் சிறு வளைவு வழியே கீழே நீண்டால் முதலாம் வகை. அதுவே பண்டஸ் எனப்படும் மேல்மாடத்துக்குள் நீண்டால் இரண்டாம் வகை. உணவுக்குழாயோடு தொடர்பில்லாமல் மேல்மாடத்தில் மட்டும் திராட்சைக் கொத்துப்போல் நின்றால் தனித்த முதலாம் வகை. இரைப்பையின் வேறிடத்திலோ முன்சிறுகுடலிலோ இருந்தால் தனித்த இரண்டாம் வகை, இது அரிது.

சிறு வளைவில் நீள்வதே அதிகம் காணப்படுவது. அதற்கு உணவுக்குழாய் நாளம் போலவே வளையம் போடலாம், பசையும் ஏற்றலாம். மேல்மாட நாளத்துக்குப் பசைதான். அங்கே சளிச்சவ்வு தடிப்பு, நாளம் பெரிது. வளையக் கிண்ணத்துக்குள் நாளம் முழுவதும் உறிஞ்சப்படாது, பாதிதான் அகப்படும். சில நாட்களில் வளையம் கழன்று விழும்போது, உள்ளே அமுக்கம் குறையாத நாளத்தின் மேல் திறந்த புண் இருக்கும். அதிலிருந்து வரும் இரண்டாவது கசிவு முதலாவதை விட மோசமானது. தாய்வானில் 2001இலும் 2006இலும் வெளியான ஒப்பீட்டு ஆய்வுகள் இரண்டிலும், பசை ஏற்றியவர்களுக்கு மறுகசிவு வளையம் போட்டவர்களை விடக் குறைவாக இருந்தது.

வீட்டில் செய்ய வேண்டியது

இரத்தச் சத்தி, தார்போலக் கறுத்து ஒட்டும் மலம், எழும்பினால் தலைசுற்றி வியர்த்தல்: ஈரல் நோயுள்ளவரிடம் இவற்றில் ஒன்று தெரிந்தாலே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். அழைப்பும் பயணமும் இலவசம். விடியும்வரை பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். நோயாளியை இடப்பக்கம் சரித்துப் படுக்கவையுங்கள், சத்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்காது. தேத்தண்ணி, சோடா, இளநீர் எதுவும் கொடுக்க வேண்டாம். ஓட்டோவில் இருத்திக்கொண்டு போவது ஆபத்து. இரத்த அமுக்கம் விழுந்தவர் இருந்தபடியே மயங்கிவிடுவார். கிளினிக் கொப்பி, குடிக்கும் குளிசைகள், பழைய எண்டோஸ்கோபி அறிக்கை மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்புங்கள். முன்பு பசை ஏற்றியதாக அறிக்கையில் இருந்தால் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

முதலில் சேரும் வைத்தியசாலையில்

இங்கே எண்டோஸ்கோபி இல்லாமல் இருக்கலாம், ஆனால் உயிர்காக்கும் வேலையில் பாதி இங்கேதான் நடக்க வேண்டும். 16 அல்லது 18 அளவுக் கனுலா இரண்டை இரு கைகளிலும் போடுங்கள். முதற் குருதியிலேயே வகை பார்க்கவும் பொருத்தம் பார்க்கவும் அனுப்புங்கள். முதல் ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று ஆறுதலடைய வேண்டாம். வெளியேறிய குருதிக்கு ஈடாகத் திரவம் சேர்ந்த பின்புதான் எண் விழும். நாடித்துடிப்பையும் அமுக்கத்தையும் நம்புங்கள். புரோபுரனோலோல் குடிப்பவருக்கு நாடி ஏறாமலே அமுக்கம் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சேலைனைக் கொட்டக்கூடாது. மேல் இரத்த அமுக்கம் 90ஐத் தாண்டி, சிறுநீர் வந்து, நினைவு தெளிவாக இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு போத்தலும் அடைபட்ட நாளத்தின் அமுக்கத்தையும் சேர்த்தே ஏற்றுகிறது. குருதி ஏற்றுவதும் அப்படியே: ஹீமோகுளோபின் 7 முதல் 8 கிராம் வரை என்பது இலக்கு. 10க்குக் கொண்டுவர முயன்றால் மறுகசிவு கூடுகிறது என்பது 2013இல் வெளியான பெரிய ஆய்வின் முடிவு. கண்முன்னே கொட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது; அவருக்குப் போவதற்கு ஈடாகக் கொடுங்கள்.

மருந்துகளை எண்டோஸ்கோபிக்காகக் காத்திருக்காமல் தொடங்குங்கள். வாயில் நாள அமுக்கத்தைக் குறைக்கும் டெர்லிப்பிரெசின் 2 மில்லிகிராம் நாளத்தில், 4 மணித்தியாலத்துக்கு ஒரு முறை. கசிவு நின்றபின் 1 மில்லிகிராமாகக் குறைக்கலாம். இதய நாடி அடைப்பு உள்ளவருக்கும், ஒட்சிசன் அளவு 90க்குக் கீழே இருப்பவருக்கும் இது ஆபத்தாகலாம். அப்போதும், டெர்லிப்பிரெசின் கையிருப்பில் இல்லாதபோதும், ஒக்ரியோரைட் 50 மைக்ரோகிராம் ஒரே தடவையாகக் கொடுத்து, பின் மணிக்கு 50 மைக்ரோகிராம் ஓடவிடுங்கள். செப்ட்ரியாக்சோன் நாளுக்கு 1 கிராம் கட்டாயம். ஈரல் சுருங்கியவர் கசிவு நின்றபின்னும் தொற்றால் இறந்துபோகிறார். அந்த ஊசி அதைக் குறைக்கிறது.

குருதிக்கசிவை நிறுத்தவென்று கொடுக்கும் ட்ரனெக்சாமிக் அமிலம் வேண்டாம். 2020இல் வெளியான பெரும் ஆய்வில் உணவுக்குழாய், இரைப்பைக் கசிவுக்கு அது பயன்தரவில்லை; நாளங்களில் உறைகட்டியும் வலிப்பும்தான் கூடின. குருதி உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணைச் சரிசெய்வதற்கென்று பிளாஸ்மாவை வரிசையாக ஏற்றுவதும் அப்படியே: அமுக்கத்தை ஏற்றும், கசிவை நிறுத்தாது.

அனுப்புமுன் தொலைபேசி எடுங்கள். எண்டோஸ்கோபி செய்பவர் இன்று இருக்கிறாரா, பசை கையிருப்பில் உள்ளதா, ஐ.சி.யு. கட்டில் உண்டா என்ற மூன்றுக்கும் பதில் வாங்கிய பின்புதான் வண்டி புறப்பட வேண்டும். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வழியே ஏறக்குறைய 70 கிலோமீற்றர். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வழியே வவுனியா ஏறக்குறைய 100. பிழையான இடத்துக்கு அனுப்பி அங்கிருந்து மறுபடி மாற்றுவதென்றால், 12 மணித்தியாலத்துக்குள் எண்டோஸ்கோபி என்ற இலக்கு வீதியிலேயே கரைந்துவிடும். நினைவு மங்கியவரையும், வாய் நிறையச் சத்தி எடுப்பவரையும் மூச்சுக்குழாயில் ரியூப் போட்ட பின்பே அனுப்புங்கள்.

பலூன் ரியூப் எப்போது

மருந்துக்கும் குருதிக்கும் அடங்காமல் கொட்டினால் செங்ஸ்ரேக்கன் ரியூப் நேரத்தை வாங்கித் தரும். நேரம் மட்டும்தான், சிகிச்சை அல்ல. போடுமுன் மூச்சுக்குழாயைப் பாதுகாத்துவிடுங்கள். பலூன்களைத் தண்ணீருக்குள் ஊதி ஓட்டை பாருங்கள். வாய்வழியே 50 சென்ரிமீற்றருக்கு மேல் இறக்கி, இரைப்பைப் பலூனில் 50 மில்லிலீற்றர் காற்று மட்டும் ஏற்றி எக்ஸ்றே எடுங்கள். பலூன் இரைப்பைக்குள் இருப்பது படத்தில் உறுதியான பின்பே 250 மில்லிலீற்றர் வரை நிரப்பலாம். உணவுக்குழாய்க்குள் இருக்கும் பலூனை நிரப்பினால் அது கிழியும், அதிலிருந்து மீள்வது அரிது.

பின் மெதுவாக இழுத்து, தடை தெரிந்த இடத்தில் 500 மில்லிலீற்றர் சேலைன் பையின் பாரத்தைத் தொங்கவிடுங்கள். உதட்டருகே உள்ள அளவுக்குறியை எழுதிவையுங்கள். கட்டில் தலைமாட்டில் கத்தரிக்கோல் தொங்க வேண்டும்: பலூன் மேலேறி மூச்சு அடைத்தால் எல்லாக் குழல்களையும் ஒரே வெட்டில் வெட்டி இழுத்துவிடலாம். மேல்மாட நாளத்தை இந்தப் பலூன் முழுதாக அமுக்காது. 600 மில்லிலீற்றர் வரை கொள்ளும் லின்ரன் ரியூப் அதற்கு நல்லது. எதுவானாலும் 24 மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது, இரைப்பைச் சுவர் அழுகும்.

எண்டோஸ்கோபி அறையில்

கமரா விடுவதற்கு 30 முதல் 120 நிமிடங்களுக்கு முன் எரித்ரோமைசின் 250 மில்லிகிராம் நாளத்தில் கொடுத்தால் இரைப்பை சுருங்கி உறைகட்டிகளைக் கீழே தள்ளிவிடும். அதற்கு முன் ஈ.சி.ஜி.யில் க்யூ.ரீ. இடைவெளியைப் பாருங்கள்.

பசையின் குணத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லா விதிகளும் தாமாகவே விளங்கும். 1986இல் ஹம்பேர்க்கில் நிப் சோஹேந்திரா குழுவினர் இரைப்பை நாளத்துக்குப் பயன்படுத்திய என்-பியூட்டைல் சயனோஅக்ரிலேட் ஒரு தண்ணீர்மாதிரித் திரவம். குருதியிலும் உப்புநீரிலும் உள்ள அயன்கள் பட்டவுடன் அது கல்லாகிறது. எண்ணெயோடு சேர்த்தால் இறுகுவது தாமதமாகும். அதற்காகத்தான் லிப்பியடோல் என்ற எண்ணெய். எக்ஸ்றேயில் வெள்ளையாகத் தெரிவது இன்னொரு நன்மை. எண்ணெய் குறைந்தால் பசை ஊசிக்குள்ளேயே இறுகும். கூடினால் இறுகுமுன் குருதியோடு ஓடி நுரையீரலுக்குப் போகும். வழமையான அளவு 0.5 மில்லிலீற்றர் பசைக்கு 0.5 முதல் 0.8 மில்லிலீற்றர் லிப்பியடோல். 2-ஒக்ரைல் வகைப் பசை தானாகவே மெதுவாக இறுகும், அதற்கு எண்ணெய் தேவையில்லை. பசைக் குப்பியைப் பெட்டியில் எழுதிய வெப்பநிலையில் வையுங்கள். மின்சாரம் போய்வரும் இடத்தில் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைக் குறிப்பேட்டை யாராவது ஒருவர் பொறுப்பாகப் பார்க்க வேண்டும்.

மேசையில் இருக்க வேண்டியவை: 21 முதல் 23 அளவு ஊசிக் குழல் இரண்டு (ஒன்று அடைபட்டால் மற்றது), திருகிப் பூட்டும் 2 மில்லிலீற்றர் சிரிஞ்ச்கள், காய்ச்சி வடித்த தண்ணீர், பசைக்குப்பி குறைந்தது நான்கு, லிப்பியடோல், சிலிக்கன் எண்ணெய், பெரிய கத்தரிக்கோல். கழுவுவதற்குச் சேலைன் வேண்டாம், அதன் உப்பே பசையை இறுக்கிவிடும். அறையில் உள்ள அனைவருக்கும் கண்ணாடி. நோயாளியின் கண்ணையும் மூடுங்கள். சிரிஞ்ச் கழன்று தெறிக்கும் ஒரு துளி கண்ணை ஒட்டிவிடும்.

ஊசிக் குழலின் உட்கொள்ளளவை முன்னரே அளந்து எழுதிவையுங்கள். காலியான குழலுக்குள் தண்ணீர் தள்ளி, நுனியில் முதற்துளி வரும்வரை எத்தனை மில்லிலீற்றர் போகிறதென்று பாருங்கள். பசையைத் தள்ளியபின் அதே அளவு தண்ணீரால்தான் அதை நாளத்துக்குள் முழுவதும் கொண்டுசேர்க்க முடியும். இந்த எண்ணை அளக்காமல் ஊகத்தில் தொடங்குவதே பசை குழலுக்குள் தேங்குவதற்கு முதற் காரணம்.

கமராவின் நுனியில் சிலிக்கன் எண்ணெய் பூசி, ஊசிக் குழல் போகும் வேலைத்துளைக்குள் கொஞ்சம் லிப்பியடோல் விடுங்கள். இடப்பக்கம் படுத்தவரின் மேல்மாடம்தான் பள்ளமான இடம், குருதி அங்கேதான் குளம்கட்டும். தலைமாட்டை உயர்த்துங்கள். போதாவிட்டால், மூச்சுக்குழாயில் ரியூப் உள்ளவரை வலப்பக்கம் திருப்புங்கள், உறைகட்டி இரைப்பையின் கீழ்ப்பகுதிக்கு நகரும். கமராவை இரைப்பைக்குள் பின்னோக்கி வளைத்து மேல்மாடத்தைப் பாருங்கள். அங்கே நீலச்சாயலோடு பளபளக்கும் மேட்டைக் கட்டி என்று நினைத்துச் சதைத்துண்டு எடுத்துவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மழுங்கிய குழலால் தொடுங்கள். நாளம் மெதுவாக அமுங்கும்.

இனி வேலை. முழுதாக வளைந்த கமராவில் ஊசி வெளியே வராமல் சிக்கும். வளைவைச் சற்றுத் தளர்த்தி ஊசி வருகிறதா என்று பார்த்து, உள்ளே இழுத்துக்கொண்டு நாளத்தருகே போங்கள். குழலைத் தண்ணீராலோ லிப்பியடோலாலோ நிரப்பியிருக்க வேண்டும். கசிவு நின்று வெள்ளைக் குமிழோ செந்நிற அடைப்போ தெரிந்தால் அதன் மேலேயே குத்த வேண்டாம், அருகே குத்துங்கள். குத்தியதும் சிறிது தண்ணீர் தள்ளிப் பாருங்கள். இலகுவாகப் போனால் நாளத்துக்குள் இருக்கிறீர்கள். சளிச்சவ்வு கொப்பளம்போல் எழும்பினால் வெளியே இருக்கிறீர்கள். அங்கே பசை போனால் நாளம் அடைபடாது, புண் மட்டும் வரும்.

உறுதியானதும் பசைக்கலவையை நிற்காமல் சில விநாடிகளில் தள்ள வேண்டும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 1 மில்லிலீற்றர் கலவை. சிரிஞ்சை மாற்றி, அளந்துவைத்த தண்ணீரைத் தள்ளுங்கள். தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போதே ஊசியை நாளத்திலிருந்து எடுங்கள். முடிந்த பின் எடுக்கப் பார்த்தால் ஊசி உள்ளேயே ஒட்டியிருக்கும். எடுத்த பின்னும் குழல் அடைபடாமல் இருக்கத் தண்ணீரைத் தொடருங்கள். அடுத்த 20 விநாடிகளுக்கு உறிஞ்சும் பொத்தானில் விரல் வைக்கக்கூடாது. வெளியே கசிந்த ஒரு துளியை உறிஞ்சினால் கமராவின் துளை நிரந்தரமாக அடைபடும். உதவுபவர் ஒவ்வொரு கட்டத்தையும் உரத்துச் சொல்வது நல்லது: "பசை போகுது", "பசை முடிஞ்சுது", "தண்ணி போகுது", "ஊசி எடுங்கோ". கமரா பிடிப்பவரின் கண் திரையை விட்டு அகலவே கூடாது.

குத்திய இடத்திலிருந்து சில துளி வந்து நிற்பது இயல்பு. ஒரு நிமிடம் கழித்து மழுங்கிய குழலால் நாளத்தைத் தொட்டு அமுக்குங்கள். காய்ந்த களிபோல இறுகியிருந்தால் அந்த இடம் முடிந்தது. இன்னும் மெத்தென்றிருந்தால் வேறிடத்தில் அடுத்த 1 மில்லிலீற்றர். ஒரே குத்தில் இரண்டு மூன்று மில்லிலீற்றர் தள்ளி வேலையைச் சுருக்கப் பார்ப்பதுதான் நுரையீரல் அடைப்புக்கு நேரான வழி. முடிந்ததும் ஊசிக் குழலைக் கமராவுக்குள் இழுக்க வேண்டாம். குழலின் நுனி வெளியே நீண்டபடியே இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்து, நுனியை வெட்டிவிட்டுக் குழலை உருவுங்கள்.

ஊசி நாளத்தில் ஒட்டிக்கொண்டால் பலமாக இழுக்காதீர்கள், நாளம் கிழியும். மெதுவாக ஆட்டிப் பாருங்கள். வராவிட்டால் குழலைக் கமராவின் வேலைத்துளை வாயருகே வெட்டி, கமராவை மட்டும் எடுத்து, மீதிக்கு நிபுணரோடு பேசுங்கள்.

அதன் பின் 5 நாட்கள்

நெஞ்சு எக்ஸ்றே ஒன்று எடுங்கள். லிப்பியடோல் நுரையீரலில் வெள்ளைக் கீற்றுகளாகத் தெரிந்தால் பசை அங்கே போயிருக்கிறது. திடீர் இருமல், நெஞ்சு நோ, ஒட்சிசன் வீழ்ச்சி ஆகியவற்றை ஈரல் நோயின் பலவீனம் என்று தள்ளிவிடக்கூடாது. இடப்பக்க விலாவுக்குக் கீழே கடும் நோ என்றால் மண்ணீரலை நினையுங்கள். ஒரு பக்கக் கை கால் விழுந்தால், இதயத்தின் சிறு துளை வழியே பசை மூளைக்குப் போயிருக்கலாம். ஒரு நாள் இலேசான காய்ச்சல் வருவதுண்டு. நீடித்தால் குருதி வளர்ப்புப் பரிசோதனை செய்யுங்கள்.

டெர்லிப்பிரெசின் 2 முதல் 5 நாட்கள், செப்ட்ரியாக்சோன் 7 நாட்கள் வரை. குடலில் தேங்கிய குருதி நினைவைக் குழப்பும். லக்ரியூலோசை நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளகி வெளிக்குப் போகும் அளவில் கொடுங்கள். குடிப்பழக்கம் இருந்தவருக்குத் தயமின் ஊசி தேவை. அவருக்கு வரும் நடுக்கத்தையும் பிதற்றலையும் ஈரல் மயக்கத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடாது.

பசைக்கும் அடங்காவிட்டால், அல்லது 5 நாட்களுக்குள் மறுபடி பெரிதாகக் கசிந்தால், ஒரு தடவை கூடப் பசை முயலலாம். அதற்கும் நிற்காவிட்டால் ஈரலுக்குள் வலைக்குழல் வைத்து வழி திறக்கும் ரிப்ஸ் சிகிச்சை, அல்லது சிறுநீரக நாளப் பக்கமாக நுழைந்து இரைப்பை நாளத்தை அடைக்கும் சிகிச்சை தேவை. இரண்டும் கதிரியக்க நிபுணர் உள்ள பெரிய மையங்களில்தான் நடக்கும், ஆகவே அந்தத் தொலைபேசி அழைப்பை இரண்டாவது கசிவுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். உட்செலுத்தும் அல்ட்ராசவுண்ட் வழியே நாளத்துக்குள் உலோகச் சுருள் வைத்து, அதன்மேல் பசை ஏற்றும் முறையும் இப்போது உண்டு. சுருள் பசையைப் பிடித்துவைப்பதால் அது ஓடிப்போவது குறைகிறது.

வீட்டுக்குப் போன பின்

கசிவு நின்றது என்பதற்காக நாளம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. 2 முதல் 4 வாரத்தில் மறுபடி கமரா பார்த்து, மெத்தென்றிருக்கும் இடங்களுக்குப் பசை ஏற்றி, நாளம் முழுவதும் இறுகும்வரை தொடர வேண்டும். இரண்டாம் தவணைக்கு வராமல் விடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அறுவடைக் காலம், பஸ் காசு, கூட வர ஆள் இல்லாமை என்று காரணங்கள் எல்லாம் உண்மையானவை. அதனால் திகதி கொடுக்கும்போதே யார் கூட்டிவருவார் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நாளத்தின் அமுக்கத்தைக் குறைக்கும் குளிசை நாள்தோறும் வேண்டும். புரோபுரனோலோல் 20 முதல் 40 மில்லிகிராம் இரு வேளை தொடங்கி, நாடி 55 முதல் 60 வரை வரும்படி ஏற்றுவது. அல்லது கார்வெடிலோல் 6.25 தொடங்கி 12.5 மில்லிகிராம். மேல் இரத்த அமுக்கம் 90க்குக் கீழே போனால் நிறுத்திவிட்டுக் கிளினிக்குக்கு வாருங்கள். ஆஸ்துமா உள்ளவர் இவற்றைத் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். வயல்வேலை நாரிநோவுக்குக் கடையில் வாங்கும் டைக்குளோபெனாக், ஐபுபுரோபென் இரண்டும் கூடாது. பரசிற்றமோல் நாளுக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் குளிசை நான்குக்குள், போடலாம்.

முதல் நாட்களில் ஆறிய கஞ்சி, குழைசோறு, சொதியோடு இடியப்பம். பிறகு மீன், முட்டை, பருப்பு நன்றாகக் கொடுங்கள். ஈரல் நோயாளியைப் பத்தியம் என்று பட்டினி போடுவது தசையைக் கரைத்து அவரை இன்னும் பலவீனமாக்குகிறது. படுக்குமுன் ஒரு சிறு சாப்பாடு நல்லது. வயிற்றில் தண்ணீர் இருந்தால் கருவாடு, ஊறுகாய், உப்பு மோர்மிளகாய் வேண்டாம். சாராயமும் கள்ளும் கசிப்பும் முற்றாக நிற்க வேண்டும், "நல்லநாள் பெருநாளுக்கு ஒன்று" என்பதும் சேர்த்துத்தான். ஈரல் சுருங்கியவருக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கானும் தேவை.

ஏற்றிய பசைக்கட்டி வாரங்கள், மாதங்கள் கழித்து இரைப்பைக்குள் தள்ளப்பட்டு விழும். அப்போது கொஞ்சம் கறுப்பாக வெளிக்குப் போகலாம், சிலருக்குப் பெரிய கசிவும் வரலாம். இரண்டுக்கும் உடனே வைத்தியசாலைக்கு வர வேண்டும். பாதி வெளியே வந்து நிற்கும் பசைக்கட்டியை விவரம் தெரியாமல் புற்றுநோய் என்று நினைத்து ஒரு துண்டு கிள்ளிவிட்டால் நாளம் திறந்துவிடும். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்: இரைப்பை மேல்மாட நாளத்துக்குப் பசை ஏற்றப்பட்டது, திகதி இது, அளவு இத்தனை மில்லிலீற்றர், அங்கே சதைத்துண்டு எடுக்க வேண்டாம்.